ஆப்பரா மினி 4.2: ரெண்டு இன்ச் திரையில் ஃபேன் ஃபிக்‌ஷன்

அலமாரியைச் சுத்தம் செய்தபோது என் பழைய நோக்கியா 5130 எக்ஸ்பிரஸ் மியூசிக் கிடைத்தது. சார்ஜ் ஏறியது, மெமரி கார்டில் 2009இல் சேமித்து வைத்த பக்கங்கள் அப்படியே இருந்தன. ரெண்டு நாளாக அதில்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் அதிலிருக்கும் ஆப்பரா மினி என்ற மொபைல் ப்ரௌசருக்கு இந்த ரிவ்யூ.

பிடித்த நாவலின் பாத்திரங்களை வைத்து வாசகர்களே எழுதும் கதைதான் ஃபேன் ஃபிக்‌ஷன். 1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட்டில் ஹாரி பாட்டர் பிரிவில் மட்டும் லட்சக்கணக்கில் கதைகள். எனக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. ப்ரௌசிங் சென்டரில் முதுகுக்குப் பின்னால் ஆள் காத்திருக்கும்போது ஐயாயிரம் சொல் அத்தியாயத்தை எப்படி நிம்மதியாகப் படிப்பது?

அங்கேதான் ஆப்பரா மினி காப்பாற்றியது. பக்கம் முதலில் அவர்கள் சர்வருக்குப் போய், அங்கே சுருங்கி, நம் போனுக்கு வரும். 10 கேபிக்கு 10 பைசா போய்க்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் காலத்து ப்ரீபெய்டுக்காரர்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், பக்கத்தைச் சேமிக்கும் வசதி. பேலன்ஸ் இருக்கும்போது இருபது அத்தியாயங்களைச் சேமித்துக்கொள்வேன், ஹாஸ்டலில் விளக்கு அணைந்ததும் போர்வைக்குள் 8ஆம் எண்ணை அழுத்தி அழுத்திக் கீழே இறங்குவேன். கட்டைவிரல் ஒன்று போதும்.

அத்தியாயத்தின் தலையில் எழுதியவரின் குறிப்பு இருக்கும்: பாத்திரங்கள் என்னுடையவை அல்ல, பரீட்சை இருந்ததால் தாமதம், தயவுசெய்து ரிவ்யூ போடுங்கள். எனக்குக் கதைக்குச் சமமாக அதுவும் பிடிக்கும். நானும் ஒருமுறை ரிவ்யூ போட்டேன். ரிவ்யூ பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் போனின் எடிட்டர் முழுத் திரைக்குத் திறக்கும், ஒரு 'எஸ்' வர 7ஐ நாலு தடவை தட்ட வேண்டும், ஆறு வரிக்கு அரை மணி நேரம். மறுநாள் அவரிடமிருந்து பதில் வந்திருந்தது, ஹாரி பாட்டரில் வரும் ஸ்னேப்பை ஏன் அப்படி எழுதினார் என்று மூன்று பத்தி! முகம் தெரியாத ஒருவர் எனக்காக உட்கார்ந்து எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

குறை இல்லாமல் இல்லை. 4.2இல் ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் திறந்து வைக்கும் டேப் வசதி கிடையாது, அது 5இல்தான் வந்தது. தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். முகவரிப் பெட்டியில் ஆப்பரா:கான்ஃபிக் என்று அடித்து பிட்மேப் ஃபான்டை இயக்கினால் சரியாகும், ஆனால் எழுத்து படமாக வருவதால் டேட்டா எகிறும். அப்புறம், டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்த ஒரு கடையில் என் முதல் கார்டை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இன்று ஏஓ3 என்ற ரசிகர் கதைத் தளம் முழுக் கதையையும் ஒரே ஈபப் (மின்னூல்) கோப்பாகக் கொடுத்துவிடுகிறது. வசதிதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அத்தியாயம் அத்தியாயமாகத் திறந்து, சேமித்து, எழுதியவரின் குறிப்பில் சற்று நின்று மேலே போன அந்தப் படிப்பு வேறு. ஆப்பரா மினிக்கு ஐந்துக்கு நாலரை.

கார்டில் கடைசியாக இருப்பது ஒரு கதையின் 41ஆம் அத்தியாயம். அடுத்தது சனிக்கிழமை என்று முடித்திருக்கிறார், அந்த 42 வரவேயில்லை. நேற்று இரவு புதுப் போனில் அந்தக் கதையைத் தேடி எடுத்து, அன்றைக்குப் பேலன்ஸ் இல்லாததால் போடாமல் விட்ட ரிவ்யூவை எழுதிவிட்டு வந்தேன்.