மேலே ஏறுவதா, கீழே போவதா: காரின் ஆங்கில வழிகாட்டியோடு சில ஆண்டுகள்

காரோடு வரும் வழிகாட்டித் திரைக்கு வரைபடம் புதுப்பிக்கும் கட்டணத்தை இப்போது குறைத்திருக்கிறார்கள். அதே மாடலை அண்மையில் வாங்கிய நண்பர், அந்தப் பணத்தைக் கட்டலாமா என்று கேட்டார். திரையின் அளவையும் மற்ற வசதிகளையும் அவரே அறிவார் என்பதால், சென்னைச் சாலைகளில் அதன் ஆங்கிலக் குரலைக் கேட்டே ஓட்டிவந்தவன் என்ற முறையில் அந்தக் குரலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் குரலில் பதற்றமே இல்லை. திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டாலும் அடுத்த வழியை உடனே கணக்கிட்டு, முன்பு பேசிய அதே தொனியில் சொல்லும். வரைபடம் காரிலேயே பதிந்திருப்பதால் கைபேசிச் சமிக்ஞை அதற்குத் தேவையில்லை. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குச் சென்றபோது என் கைபேசி பலமுறை செயலிழந்தது. இந்தக் குரல் ஓரிடத்திலும் நிற்கவில்லை. இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்தப் பயணத்துக்காக இன்றும் அதற்கு நன்றி சொல்வேன்.

ஆனால் சென்னைக்குள் ஒரு மேம்பாலம் எதிர்ப்பட்டால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. பாலத்தின் அடிவாரத்தில் ஓட்டுபவருக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு தகவல்தான்: ஏற வேண்டுமா, கீழேயே போக வேண்டுமா? குரலோ ‘கன்டின்யூ ஸ்ட்ரெய்ட்’ என்கிறது. பாலமும் நேராகத்தான் போகிறது, அதன் பக்கத்துச் சாலையும் நேராகத்தான் போகிறது. தேனாம்பேட்டைப் பக்கமிருந்து வந்து 1973ஆம் ஆண்டின் அண்ணா மேம்பாலத்தில் ஏறியவர் ஆயிரம் விளக்குப் பக்கம்தான் இறங்குவார். நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டியவரோ ஏறாமல் கீழேயே போயாக வேண்டும். பின்னால் பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டிருக்க, இதை முடிவு செய்யக் கிடைப்பது சில நொடிகளே.

இதில் கருவியின் இயலாமையும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் இருக்கும் இடத்தை அது கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். வானம் திறந்திருக்கும் இடத்திலேயே சாதாரண ஜி.பி.எஸ். கருவிகள் சில மீட்டர் பிசகும். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால் உயரக் கணிப்பில் பிழை இன்னும் கூடும். பாலத்தின் சரிவுப் பாதையும் அதை ஒட்டிய சாலையும் அருகருகே இருக்கையில், நான் எதில் போகிறேன் என்பது அதற்குத் தெளிவாகாமல் போகலாம். ஆகவே நான் ஏறிவிட்டதை அது உணரத் தாமதித்தால் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நான் எதில் போக வேண்டும் என்பது, புறப்படும்போதே அது வகுத்துவிட்ட வழியில் இருக்கிறது. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்குச் செயற்கைக்கோளைக் காரணம் காட்ட முடியாது.

கத்திப்பாரா மேம்பாலத்தில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லிச் சாலை ஆகியவற்றை இணைத்து 2008இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் பூவிதழ் போன்ற வளைவுகளால் ஆனது. அத்தகைய பாலத்தில் வலப்புறச் சாலையைப் பிடிக்க வேண்டியவரும் இடப்பக்கம் ஒதுங்கி, வளைந்து சுற்றித்தான் வர வேண்டும். ‘கீப் லெஃப்ட்’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டு, அடுத்தடுத்து வரும் இடப்புறப் பிரிவுகளில் எதைக் குறிக்கிறது என்று ஓட்டுபவர் எப்படி அறிவார்?

ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டுப் பாருங்கள். “பாலத்துல ஏறிடாதீங்க சார், லெஃப்ட்ல ஒதுங்கி கீழயே போங்க, பெட்ரோல் பங்க் தாண்டினதும் ரைட்டு” என்பார்கள். தூரத்தைச் சொல்வதற்கு முன்பே, வெளியூர்க்காரர் எங்கே தவறுவார் என்பதைச் சொல்லி எச்சரித்துவிடுகிறார்கள். வழி சொல்வதில் முதன்மையான பண்பு இதுவே என்று கருதுகிறேன். அதை ஆங்கிலத்திலும் தாராளமாகச் சொல்லலாம். கூகுள் மேப்ஸ் 2024 ஜூலையில், மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்பதைச் சொல்லும் வசதியை இந்தியாவின் 40 நகரங்களில் கொண்டுவருவதாக அறிவித்தது. ஆகவே இது செய்ய முடியாத காரியமும் அல்ல.

பொறுமையான குரல், தெளிவான உச்சரிப்பு, மலைச்சாலையிலும் கைவிடாத வரைபடம் என இத்தனை நற்குணங்கள் இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில், பணம் கட்ட வேண்டாம் என்பதே. வால்பாறைக்கு எப்போதாவதுதான் போகிறோம். கத்திப்பாராவை அன்றாடம் கடக்கிறோம். ‘ஏறுங்கள்’, ‘ஏறாதீர்கள்’ என்று அந்தக் குரல் சொல்லத் தொடங்கும் பதிப்பு வந்தால், குறைப்பதற்கு முன்பிருந்த முழுக் கட்டணத்தையும் தரத் தயாராக இருக்கிறேன்.