ஏசிபிஐ எச்சரிக்கையோடு நான்கு வருடம்

2020 இறுதியில் நானே கோர்த்த மேசைக்கணினி இது. லினக்ஸ் போட்டு, சிபியு ஃபேனின் வேகத்தைப் பார்க்கலாமே என்று மதர்போர்டின் சென்சார் சிப்பைப் படிக்கும் என்சிடி6775 டிரைவரை ஏற்றினேன். "அப்படி ஒரு சாதனம் இல்லை" என்று பதில் வந்தது. கெர்னல் பதிவைத் திறந்தால் வேறு கதை. முதல் வரியில் சிப்பைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறது. இரண்டாவது வரியில், ஹெக்ஸ் 295, 296 என்ற ஐஓ முகவரிகள், 290 முதல் 299 வரையிலான ஏசிபிஐ ஆப்ரீஜனோடு, அதாவது பயாஸ் தன் பயன்பாட்டுக்கென்று குறித்துவைத்த பகுதியோடு, மோதுவதாக எச்சரிக்கை. ஏசிபிஐ என்பது வன்பொருளைக் கையாள பயாஸும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் நெறிமுறை. மூன்றாவதில் ஓர் அறிவுரை: இந்தச் சாதனத்துக்கு ஏசிபிஐ டிரைவர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லாது.

பயாஸில் ஏதோ கோளாறு என்றுதான் அன்று நினைத்தேன். இரண்டு முறை பயாஸை மேம்படுத்தினேன். எச்சரிக்கை அப்படியே இருந்தது, என் பயாஸ் அமைப்புகள் மட்டும் அழிந்துபோயின.

தேடினால் எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். பூட் அளவுருவில் 'ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்' என்பதை 'லாக்ஸ்' (தளர்வு) ஆக்குவது. பூட் லோடரான க்ரப்பில் சேர்த்தேன், ஃபேன் வேகம், வெப்பநிலை எல்லாம் வந்தன. எச்சரிக்கை மட்டும் போகவில்லை. லாக்ஸ் என்றால் "மோதல் இருக்கிறது, ஆனாலும் போ" என்று அர்த்தம். 'நோ' என்று கொடுத்தால்தான் அந்தச் சோதனையே நடக்காது. நல்லவேளை, அதுவரை நான் போகவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. நடுவில் எப்போதாவது ஒரு தடவை வெப்பநிலை வரைபடத்தில் அர்த்தமே இல்லாத ஒரு முள் எழும்பும். ஒரே ஒரு வாசிப்பு, அடுத்த நொடி பழைய இடத்துக்கு வந்துவிடும். சென்சார் மட்டமானது என்று விட்டுவிட்டேன். ஃபேன்கள் திடீரென உறுமத் தொடங்கிய ஓர் இரவில்தான் உறைத்தது. அந்த அபத்த எண்ணை நம்பித்தான் என் ஃபேன் ஸ்கிரிப்ட் வேகத்தை முடிவு செய்கிறது. முள் மேலே போனதால் சத்தத்தோடு தப்பித்தேன். கீழே போயிருந்தால்?

அன்றுதான் பயாஸின் ஏசிபிஐ நிரல் இருக்கும் டிஎஸ்டிடி அட்டவணையை எடுத்து, ஐஏஎஸ்எல் என்ற கருவியால் பிரித்துப் பார்த்தேன். பயாஸ் தன் வேலை முடிந்ததும் ஒதுங்கிவிடுவதில்லை. அது கொடுத்துவிட்டுப் போகும் ஏஎம்எல் நிரல், கெர்னலுக்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பான் வழியாக ஓடுகிறது. அந்த நிரலும் இதே 295, 296ஐத் தொடுகிறது. இந்தச் சிப்பைப் படிக்க 295இல் பதிவேட்டின் எண்ணை எழுத வேண்டும், அப்புறம் 296இல் மதிப்பை எடுக்க வேண்டும். ஒரே பேரேட்டை இரண்டு கணக்குப்பிள்ளைகள் புரட்டுவதுபோலத்தான். நான் 40ஆம் பக்கத்தைத் திறக்கிறேன், படிப்பதற்குள் இன்னொருவர் 12ஆம் பக்கத்துக்குப் புரட்டிவிடுகிறார், நான் அங்கிருப்பதை என் கணக்கு என்று வாசிக்கிறேன். அவர் கை வைத்தது எனக்குத் தெரியவும் தெரியாது. படிக்கும்போது நடந்தால் தப்பான எண். எழுதும்போது நடந்தால் தப்பான பதிவேட்டில் போய் விழும்.

என் வரைபடத்து முள்ளுக்கு இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் லாக்ஸை எடுத்துவிட்டேன். சில மாதம் சென்சாரே இல்லாமல், ஃபேனைப் பயாஸின் பொறுப்பில் விட்டு ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், அது ஒன்றும் மோசமாக இல்லை.

2022 மார்ச்சில் கெர்னல் 5.17 வந்தது. சில மதர்போர்டுகளில் இந்த டிரைவர் போர்ட்டை நேரடியாகத் தொடாமல், ஏசிபிஐ மேல் அமைந்த டபிள்யூஎம்ஐ என்ற இடைமுகம் வழியாகப் பயாஸிடமே கேட்டு வாங்கும் வசதி அதில் சேர்ந்தது. மூன்றாவது வரி சொன்ன அந்த ஏசிபிஐ வழி கடைசியில் இப்படித்தான் கிடைத்தது. ஆனால் டிரைவருக்குள் ஒரு மாடல் பட்டியல் உண்டு, என்னுடையது அதில் இல்லை. இன்னும் சில பதிப்புகள் காத்திருந்தேன். ஒருநாள் வழக்கமான மேம்படுத்தலுக்குப் பிறகு எண்கள் தாமாகவே வந்து நின்றன. அதன்பின் அந்த முள்ளை நான் பார்க்கவில்லை.

ரேம் விளக்குகளின் நிறத்தை மாற்றுவதற்காக லாக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். விளக்கு இருக்கும் அதே எஸ்எம்பஸ் என்ற தகவல் கம்பியில்தான் ரேமின் வேகம், அளவு போன்ற விவரங்களை வைத்திருக்கும் எஸ்பிடி சிப்பும் இருக்கிறது. அதில் தவறாக ஏதாவது எழுதப்பட்டால் அந்த ரேம் குச்சியோடு பூட்டே ஆகாமல் போகலாம். நிறத்துக்காக இந்தச் சூதாட்டம் எனக்கு ஒத்துவராது.

'பயாஸ் எரர்' என்று தொடங்கி, டிஎஸ்எஸ்பி என்ற குறியீட்டைக் காணவில்லை என்று முடியும் வரிகள் இன்னும் ஒவ்வொரு பூட்டிலும் வருகின்றன. அட்டவணைகளைப் பிரித்துப் பார்த்தேன். சாட்டா டிரைவ் தொடர்பான ஒரு மெத்தட் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறது, பெயரை யாரும் எங்கும் வரையறுக்கவில்லை. டிரைவ்கள் நன்றாகவே ஓடுகின்றன. அதற்காக இதுவரை எந்த அளவுருவையும் சேர்க்கவில்லை.