மழையிலும் கடற்கரையிலும் நிக்கோனோஸ் 5

1984-இல் வந்த இந்த நீரடி ஃபிலிம் கேமரா, அடைமழையிலும் கடற்கரை மணலிலும் அஞ்சாமல் வேலை செய்யும். ஆனால் 35 மிமீ எஃப்/2.5 லென்ஸோடு வாங்குங்கள். 28 மிமீ எஃப்/3.5 லென்ஸ் நீருக்குள் மட்டுமே தெளிவாகப் படம் பிடிக்கும்.

வியூஃபைண்டரில் ஃபோகஸ் தெரியாது, தூரத்தைக் கண்ணால் கணிக்க வேண்டும். லென்ஸின் துளையை (அபர்ச்சர்) எஃப்/8-இலும் ஃபோகஸ் தூரத்தை 5 மீட்டரிலும் வைத்தால் சுமார் 2.5 மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவு. கிட்டப் படங்கள்தான் சொதப்பும்.

பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் வேக டயலை எம்90-இல் வைத்தால் 1/90 நொடி ஷட்டர் ஓடும்.

நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலே நீர் கசியும். சிலிக்கோன் கிரீஸை அதில் மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அதிகமானால் மணலை இழுக்கும். பின்கதவைத் திறக்குமுன் கேமராவை நன்றாகத் துடையுங்கள்.