ஆறடுக்கு உலர்வலையும் ஈரப்பதமானியும்: சேலத்து வீட்டுக்குள் மூலிகை உலர்த்துவோருக்கு

சேலத்தில் இலையைக் காயவைப்பது எளிது. மணம் போகாமல் காயவைப்பதுதான் கடினம். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, சேர்வராயன் மலை என்று குன்றுகள் சூழ்ந்த இந்த ஊரில் மாசி பிறந்ததுமே காற்று வறண்டுவிடுகிறது. சித்திரையில் மொட்டை மாடியில் எதைப் பரப்பினாலும் மாலைக்குள் சருகாகிவிடும். ஜவ்வரிசியைக் களத்தில் கொட்டிக் காயவைத்தே பெயரெடுத்த மாவட்டம் இது, அந்த மாவுப் பொருளுக்கு இவ்வெயில் வரமும்கூட. ஆனால் துளசி, புதினா, எலுமிச்சைப் புல், ரோஸ்மேரி ஆகியவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால், நேர் வெயில் பட்டால் ஈரத்தோடு சேர்ந்து அதுவும் பறந்துபோகிறது. பச்சையம் சிதைந்து இலையும் பழுப்பேறிவிடுகிறது. ஆகவே தோட்டத்தில் விளைந்ததை வீட்டுக்குள் நிழலிலேயே உலர்த்துவதற்காக, கூரைக் கொக்கியில் மாட்டும் ஆறடுக்கு உலர்வலை ஒன்றையும் உள்ளங்கையளவு டிஜிட்டல் ஈரப்பதமானிகள் இரண்டையும் இணையத்தில் வாங்கி, கோடை முழுவதும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் வலை. எஃகுக் கம்பி வளையங்களுக்கு இடையே நைலான் வலையைத் தைத்து, பக்கவாட்டில் ஒவ்வோர் அடுக்குக்கும் அரைவட்டமாக ஜிப் வைத்திருக்கிறார்கள். மடித்தால் ஒரு தட்டின் கனத்துக்கு அடங்கிவிடுவதால் பரண்மேல் வைப்பதில் சிரமமில்லை. புதிதாகப் பிரித்தபோது நைலான் நெடி கடுமையாக இருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசி, காற்றாட விட்ட பிறகே அது அகன்றது. மூலிகை இலைகள் பிற நெடியை எளிதில் உறிஞ்சும் என்பதால் இப்படி அலசுவதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஜிப்பின் பிடி சிறியது, அவசரமாக இழுத்தால் வலையின் விளிம்பைக் கவ்விக்கொள்கிறது. வலைக்கண்ணும் சற்றுப் பெரிது: காய்ந்த துளசியின் பூங்கொத்தை மேலடுக்கில் வைத்தால் விதையும் தூளும் உதிர்ந்து கீழே இருக்கும் புதினாவில் கலந்துவிடுகின்றன. துளசியை எப்போதும் கடைசி அடுக்கில், ஒரு மெல்லிய மல்துணியின்மேல் பரப்புவதே சரி. அறுத்த ஈரத்தோடு எலுமிச்சைப் புல்லை நிரப்பினால் அடுக்கு நடுவில் தொய்ந்து, இலைகளெல்லாம் ஒரே இடத்தில் குவிகின்றன. எந்த அடுக்கிலும் ஒரு பிடிக்கு மேல் வைக்காமலிருப்பது நல்லது.

இவையெல்லாம் சிறு குறைகள். வலையின் உண்மையான சிக்கல் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எல்லாப் பக்கமும் காற்றோட்டம் என்பதையே விற்பவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அது ஈரமான ஊர்களுக்கான பெருமை. பங்குனி நடுப்பகலில் எங்கள் கூடத்தில் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்தக் காற்றில், அதுவும் மின்விசிறிக்கு அடியில், வலையைத் தொங்கவிட்டால் இலையின் வெளிப்புறம் மொறுமொறுவென்று ஆகி, காம்புக்குள்ளும் நடு நரம்பிலும் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டுப்போகிறது. தொட்டுப் பார்ப்பவர் காய்ந்துவிட்டதாக எண்ணி ஜாடியில் அடைப்பார். உள்ளே சிக்கிய ஈரம் மெல்லக் கசிந்து, கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்து, சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். மணத்தின் இழப்போ அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

எனவே இந்த ஊரில் வலையைப் பயன்படுத்துவோர் உலர்தலை வேகப்படுத்துவதற்கல்ல, மெதுவாக்குவதற்கே வழி தேட வேண்டும். நேர் வெளிச்சம் படாத நடு அறையில் மாட்டி, பகலில் சன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, வலைக்கு நேர் கீழே வாய் அகன்ற அண்டாவில் தண்ணீர் வைத்து அதன்மேல் ஈரத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் அறையின் ஈரப்பதம் 45 வரை ஏறி நிற்கிறது. இலைகளைக் கிள்ளிப் பரப்பாமல் கிளையோடு வைப்பது இன்னும் பலன் தருகிறது. தண்டில் இருக்கும் நீர் இலை வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறுவதால் காய்வது ஒரே சீராக அமைகிறது. “மாடியில போட்டா சாயங்காலத்துக்குள்ள காஞ்சுரும், இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு?” என்று கேட்ட என் மாமியார், இப்படி உலர்ந்த புதினாவைக் கையில் கசக்கி முகர்ந்த பிறகு, தம் கறிவேப்பிலையையும் கொத்தோடு கொண்டுவந்து மேலடுக்கில் வைத்தார். கற்பூரவல்லிக்கு மட்டும் இந்த முறை உதவவில்லை. அதன் இலை சதைப்பற்று மிக்கது. எவ்வளவு பொறுத்தாலும் கறுத்துத் துவள்கிறதே தவிர, நொறுங்கும் பதத்துக்கு வருவதில்லை. அதைப் பச்சையாகவே பயன்படுத்திவிடலாம்.

இனி ஈரப்பதமானி. வாங்கிய இரண்டில் எது மெய் சொல்கிறது என்று அறிய எளிய சோதனை உண்டு. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை இட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல் போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் அறை வெப்பம் சற்று ஏறி இறங்கினாலும் 75 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் என்பதால், மானியின் பிழை உடனே புலப்பட்டுவிடும். கல்லுப்பில் மக்னீசியம் முதலிய வேறு உப்புகளும் கலந்திருப்பதால் அது இச்சோதனைக்கு ஏற்றதல்ல. என் மானிகளில் ஒன்று 73 காட்டியது, மற்றொன்று 64. இரண்டாவதை மாற்றித் தர விற்பனையாளர் மறுத்துவிட்டார். பிழை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் கூட்டிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் ஈரம் குறையும்போதும் அதே அளவு பிழை இருக்குமென்று நம்புவதற்கில்லை. ஆகவே அதை அறையின் நிலவரத்தைத் தோராயமாகப் பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

நல்ல மானியின் அருமை ஜாடிக்குள் வைத்தால்தான் தெரியும். தண்டை வளைத்தால் மடங்காமல் படக்கென்று ஒடியும் பதத்தில் இலைகளை உருவி, கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு நிரப்பி, மானியை உள்ளே இட்டு மூடி, மறுநாள் காலையில் பார்க்கிறேன். 60க்குக் கீழே நின்றால் பூஞ்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை. 65ஐத் தாண்டினால் மறுபடியும் வலைக்கே திரும்ப வேண்டும். இடைப்பட்ட எண் வந்தால் மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விட்டு, மறுபடி மூடிப் பார்ப்பது போதும். கையால் தொட்டுச் சொல்லும் பக்குவம் அனுபவசாலிகளுக்கு உண்டு, ஆனாலும் வறண்ட பகலில் தொடும் இலை யாரையும் ஏமாற்றும். மூடிய ஜாடிக்குள் ஓர் இரவு இருந்த மானி ஏமாற்றுவதில்லை.

ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் இதே வலையை மழைக்காலத்தில் மாட்டிப் பார்த்தோம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி சன்னல் வழியே அறைக்குள் நுழையும் அந்த இடத்தில் மானி 85க்குக் கீழே இறங்கவே இல்லை. அங்கே அண்டாவுக்கு வேலையில்லை. மேசை மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்து, ஓர் அடுக்கு விட்டு ஓர் அடுக்காகப் பரப்பிய பிறகே ரோஸ்மேரி பதமாக வந்தது. புதினா இரண்டாம் நாளே ஓரங்களில் கறுக்கத் தொடங்கிவிட்டது. மலைமேல் இருப்பவர்கள் இந்த ஆறடுக்கு வலையைத் தயங்காமல் வாங்கலாம். சேலத்தில் இருப்பவர்கள் நாலடுக்கு உள்ளதை வாங்கி, மிச்சப் பணத்தை மானியில் போடுவது நல்லது. கையில் உள்ள தொகை ஒன்றுக்குத்தான் போதுமென்றால், வலைக்குப் பதில் கொடியில் கொத்துகளைக் கட்டித் தொங்கவிட்டு, மானியை மட்டும் வாங்கலாம். வந்த அன்றிரவே உப்புச் சோதனையை முடித்துவிட்டால், திருப்பி அனுப்புவதற்கான கெடுவும் தப்பாது.