அஞ்சலக ஆர்.டி.யா, வங்கி ஆர்.டி.யா? வட்டியை விடப் பெரிய கேள்வி ஒன்று

மாதம் 5,000 ரூபாயை ஐந்து வருடம் விடாமல் சேர்ப்பது என்று வீட்டில் முடிவானது எளிதாக நடந்தது. எங்கே போடுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் நாலு பேரைக் கேட்டால் நாலு வழி சொல்வார்கள்: ஏலச் சீட்டு, கடைவீதி நகைக்கடையின் மாதச் சீட்டு, வங்கி ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு), தபால் ஆபீஸ் ஆர்.டி. இப்போது சிறு நிதி வங்கிகளும் சேர்ந்துகொண்டன. நாங்கள் அஞ்சலகத்தில் போட்டோம். அதில் எனக்கு முழுத் திருப்தி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். ஆனால் அஞ்சலகம் யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் வருமானம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். வீட்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம். இன்னொருவருக்குத் தறிக் கூலி. தறிக் கூலிக்குத் தேதி கிடையாது. தறியில் ஏற்றிய பாவு நூலை நெய்து முடித்தால் பணம். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, பிறகு தீபாவளி என்று செலவுகள் மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையை நம்பியிருக்கும் குடும்பங்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன.

சீட்டுகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஏலச் சீட்டு, அவசரமாகப் பணம் எடுப்பவருக்கு உதவும் ஏற்பாடு. பொறுமையாகக் கடைசி வரை இருப்பவருக்குக் கிடைப்பது, மற்றவர்கள் ஏலத்தில் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. முன்கூட்டியே கணக்குப் போட முடியாது. நடத்துபவரின் கமிஷன் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை போகலாம். 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டத்தின்படி பதிவு செய்யாத சீட்டாக இருந்தால் பேச்சே வேண்டாம். நகைச் சீட்டில் வட்டி என்று பணமாக எதுவும் வராது; சேதாரத்திலோ செய்கூலியிலோ சலுகை தருவார்கள். பெரும்பாலும் 11 மாதத் திட்டம். நகை வாங்கியே தீர வேண்டிய வீட்டுக்கு அது சரி. எங்களுக்குத் தேவைப்பட்டது பணம்.

ஆக, மிச்சம் இருப்பது வங்கியும் அஞ்சலகமும்.

அஞ்சலக ஆர்.டி.க்கு 2023 அக்டோபர் 1 முதல் 6.7 சதவீத வட்டி. காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். காலம் ஐந்து வருடம், 60 தவணை. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், மேல் வரம்பு இல்லை. அரசு ஒவ்வொரு காலாண்டும் வட்டியை அறிவித்தாலும், நாம் தொடங்கிய நாளில் என்ன விகிதமோ அதுவே ஐந்து வருடமும் நிற்கும். மாதம் 1,000 கட்டினால் முதிர்வில் சுமார் 71,366 ரூபாய். வங்கி ஆர்.டி.யை ஆறு மாதத்திலிருந்து பத்து வருடம் வரை நம் விருப்பத்துக்குப் போடலாம்; தொடங்கிய நாளின் வட்டி அங்கேயும் மாறாது. ஆனால் 2025-இல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50-இலிருந்து படிப்படியாக 5.25-க்குக் கொண்டுவந்தபோது வங்கிகள் டெபாசிட் வட்டியை இறக்கின. அஞ்சலக ஆர்.டி. அந்த ஆண்டு முழுக்க 6.7-இலேயே நின்றது.

பாதுகாப்பு என்று பார்த்தால், அஞ்சலகப் பணம் முழுவதற்கும் மத்திய அரசு பொறுப்பு. வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு. மாதம் 5,000 கட்டி 60 மாதத்தில் சேர்வது 3,57,000-க்குள்தான் என்பதால் எங்கள் அளவில் இது முடிவைத் தீர்மானிக்கவில்லை. வட்டிக்கு வருமான வரி இரண்டிலும் உண்டு. சேமிப்புக்கு வருமான வரியில் கழிவு தரும் 80சி சலுகை இரண்டு ஆர்.டி.க்கும் கிடையாது.

இனி, பெரும்பாலோர் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். எல்லோரும் வட்டி விகிதத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். 6.2-ஆ 6.7-ஆ என்று வங்கி வங்கியாக ஏறி இறங்குகிறார்கள். ஆர்.டி.யில் முதல் தவணை மட்டுமே ஐந்து வருடம் வட்டி ஈட்டுகிறது. கடைசித் தவணைக்குக் கிடைப்பது ஒரே மாத வட்டி. சராசரியாகப் பார்த்தால் நம் பணம் இரண்டரை வருடம்தான் வேலை செய்கிறது. அதனால் மாதம் 1,000 ரூபாய் ஆர்.டி.யில் அரை சதவீத வித்தியாசம் ஐந்து வருட முடிவில் சுமார் 935 ரூபாய்தான்.

கணக்கைப் பாதியில் உடைத்தால் போவது அதைப் போலப் பல மடங்கு. அஞ்சலக விதி கடுமையானது: மூன்று வருடம் முடியும் வரை கணக்கை மூடவே முடியாது. அதற்குப் பிறகு மூடலாம், ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன்பு மூடினாலும் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான். எண்ணாகப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 வீதம் 60 தவணை முடித்தால் வட்டி 11,366 ரூபாய். 59 தவணை கட்டிவிட்டுக் கடைசி மாதம் அவசரம் என்று மூடினால் வட்டி ஆறாயிரத்தை ஒட்டியே நிற்கும். ஒரே மாதப் பொறுமையின் விலை ஐந்தாயிரத்துக்கு மேல்!

வங்கி இதில் மிகவும் இணக்கமானது. எப்போது வேண்டுமானாலும் மூடலாம். பணம் எத்தனை காலம் இருந்ததோ அந்தக் காலத்துக்கான வட்டியில் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். 42 மாதத்தில் 1,000 ரூபாய்க் கணக்கை உடைத்தால் அஞ்சலகத்தில் வட்டியாக மூவாயிரம்தான் வரும். வங்கியில் பிடித்தம் போக 5.7 சதவீதம் கிடைத்தால் நாலாயிரத்து ஐந்நூறு வரும்.

இதைப் படித்ததும் வங்கிதானே நல்லது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மனம் மாறியதற்குக் காரணம், அஞ்சலக விதிகளில் பலர் கேட்டே அறியாத ஒரு வசதி. 12 தவணை கட்டி ஒரு வருடம் ஓடிவிட்டால், கணக்கில் இருக்கும் தொகையில் பாதி வரை கடன் எடுக்கலாம். கடன் வட்டி, ஆர்.டி. வட்டியை விட 2 சதவீதம் அதிகம்; அதாவது 8.7. மொத்தமாகவோ மாதத் தவணையாகவோ திருப்பிக் கட்டலாம். கட்டாமலே போனால் முதிர்வுத் தொகையில் கழித்துக்கொள்வார்கள்.

அதே 42-ஆவது மாதத்தில் 20,000 ரூபாய் தேவை என்று வையுங்கள். கணக்கை மூடினால் அதுவரை 6.7 சதவீதத்தில் சேர்ந்திருக்க வேண்டிய வட்டியில் சுமார் 2,400 ரூபாய் போய்விடும். கடனாக எடுத்து ஆறு மாதத்தில் திருப்பினால் செலவு 870 ரூபாய், ஆர்.டி. தன்பாட்டில் 6.7-இல் ஓடிக்கொண்டிருக்கும். நகையைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைக்கும் வேலையும் இல்லை. வங்கிகளும் ஆர்.டி. மேல் கடன் தருகின்றன; பாதிக்கு மேலேகூடத் தருகின்றன. ஆனால் வங்கி ஆர்.டி.யை உடைப்பது அத்தனை மலிவாக இருப்பதால் யாரும் கடன் கேட்பதில்லை. கைப்பேசியில் இரண்டு தட்டில் உடைத்துவிடுகிறார்கள். உடைத்த பணம் மறுபடி சேர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அஞ்சலகத்தில் மூன்று வருடம் மூட முடியாது, பிறகு மூடினாலும் இழப்பு, ஆனால் கடன் உண்டு என்பதால் எடுத்ததைத் திருப்பிக் கட்டுகிறோம். தறிக் கூலி வரும் வீட்டுக்கு இது பெரிய விஷயம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, கடனைத் திருப்ப வழியே இல்லை, தவணை கட்டுவதே பாரமாகிவிட்டது என்றால்? அதற்கான வழியை எங்கள் தெருவுக்கு வசூலுக்கு வரும் அஞ்சலக ஏஜென்ட் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். “ஐயாயிரத்தை ஒரே கணக்காகப் போடாதே கண்ணு. ஆயிரம் ஆயிரமாக ஐந்து கணக்கு போடு. எனக்கு எழுத்து வேலை கூடும், பரவாயில்லை.” ஒருவர் எத்தனை ஆர்.டி. வேண்டுமானாலும் தொடங்கலாம், விதி தடுக்கவில்லை. கணக்கில் ஒரு பகுதியை மட்டும் மூடும் வசதி கிடையாது என்பதால்தான் இந்தப் பிரிப்பு. 42-ஆவது மாதத்தில் ஒரே 5,000 ரூபாய்க் கணக்கை மூடினால் 12,000 ரூபாய் இழப்பு. ஐந்தாகப் பிரித்திருந்தால் ஒன்றை மட்டும் மூடி 2,400-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். மற்ற நான்கும் 6.7-இல் முதிர்வு வரை போகும். ஐந்து பாஸ்புக்குகளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் எந்தச் செலவும் இல்லை.

ஏஜென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்குக் கமிஷனை அரசு தருகிறது. நாம் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. ஆனால் பணம் கொடுத்ததும் அட்டையில் கையெழுத்து வாங்குங்கள், அந்தத் தவணை பாஸ்புக்கில் பதிவாகி வந்ததா என்று மாதாமாதம் பாருங்கள். எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் பாருங்கள். ஏஜென்ட் வேண்டாம் என்பவர்கள் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் செயலி வழியாகவும் கட்டலாம்.

தொடங்கும் தேதியும் முக்கியம். 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-க்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. கூலி எப்போது வரும் என்று தெரியாத வீட்டுக்கு இரண்டாம் பாதிதான் சரி. தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், இது பெரிதல்ல. நான்கு தவணை தவறினால்தான் சிக்கல்: கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்காவிட்டால் அதற்கு மேல் கட்டவே முடியாது.

இன்னொரு சலுகையை யாரும் பேசுவதே இல்லை. தவணைகளை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டு. 100 ரூபாய்த் தவணைக்கு ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் 10 ரூபாய், 12 மாதத்துக்கு 40 ரூபாய். ஏற்காட்டில் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருக்கும் எங்கள் உறவினருக்குத் தையிலும் மாசியிலும்தான் கையில் காசு. அவர் 1,000 ரூபாய்க் கணக்குக்கு ஒரு வருடத் தவணையை மொத்தமாகக் கட்டி 400 ரூபாய் தள்ளுபடி பெறுகிறார். அதே பணத்தை 4 சதவீதச் சேமிப்புக் கணக்கில் வைத்து மாதம் மாதம் எடுத்துக் கட்டினால் 220 ரூபாய்தான் வட்டி வரும். தீபாவளி போனஸ் வாங்குபவர்களும் இதைச் செய்யலாம். மழைக்காலத்தில் மலையிலிருந்து மாதம் தவறாமல் கீழே இறங்கி வரும் தொல்லையும் அவருக்கு இல்லை.

சிறு நிதி வங்கிகளில் வட்டி கூடுதல்தான். அவையும் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்றவை. அதே 5 லட்சம் காப்பீடு அவற்றுக்கும் உண்டு. அவற்றில் நான் பணம் போட்டதில்லை. விதிகளை வைத்துச் சொல்வதானால், வரம்புக்குள் நிறுத்திக்கொள்பவருக்கு ஒதுக்கித் தள்ள வேண்டிய இடமல்ல. ஆனால் மேலே சொன்ன 935 ரூபாய்க் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, இடையில் மூடினால் என்ன தருவார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மூன்று வருடத்துக்குள் பணம் தேவை என்று இப்போதே தெரிந்தால் அஞ்சலகம் வேண்டாம். அடுத்த வருடம் கல்லூரிக் கட்டணம், ஒன்றரை வருடத்தில் வீட்டு வேலை என்றால் அந்தக் காலத்துக்கு ஏற்ற வங்கி ஆர்.டி.தான் சரி. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்காகச் சேர்ப்பவர்கள், ஆர்.டி.க்கு முன் 8.2 சதவீதம் தரும் செல்வமகள் திட்டத்தைப் பார்த்துவிடுங்கள்; ஆனால் அந்தப் பணம் நீண்ட காலம் உள்ளேயே இருக்கும்.

ஏற்கெனவே அஞ்சலக ஆர்.டி. வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதிர்வுக்குப் பிறகு இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம், ஆனால் கணக்குத் தொடங்கிய நாளின் பழைய வட்டியில்தான். 2020 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச் வரை தொடங்கிய கணக்குகளுக்கு வட்டி 5.8 சதவீதம்தான். அவை முதிரும்போது கவுண்டரில் நீட்டிப்புப் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, அன்றைய வட்டி 5.8-க்கு மேல் இருந்தால் புதுக் கணக்கு தொடங்குங்கள். எங்கள் வீட்டின் பழைய கணக்கு ஒன்றும் அந்த 5.8 வரிசையில்தான் இருக்கிறது. அதை நாங்கள் நீட்டிக்கப் போவதில்லை.