பரோசா ஷிராஸ்: கனமான சிவப்பு ஒயின்

கோப்பையைச் சாய்த்தால் அடி தெரியாத கருஞ்சிவப்பு. முகர்ந்தால் பிளாக்பெர்ரி, மிளகு, ஓக் பீப்பாய் தரும் வெனிலா. ஷிராஸ் என்பது ஒரு கருந்திராட்சை வகை. தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதிக்குள் திராட்சைக் கொடியின் வேரை அழிக்கும் ஃபைலாக்செரா பூச்சி நுழையாததால், 1840களில் நட்ட கொடிகளில் சில இன்னும் காய்க்கின்றன. முதிர்ந்த கொடியின் பழச்செறிவு அபாரம், விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கிறது.

ஆல்கஹால் பெரும்பாலும் 14 முதல் 15 சதவீதம். ஆகவே 16–18 டிகிரி செல்சியஸில் பரிமாறுங்கள். அதைவிடச் சூடானால் ஆல்கஹால் நெடி பழமணத்தை அமுக்கிவிடும். ஃபிரிட்ஜ் குளிரிலோ, திராட்சைத் தோல், விதையிலிருந்து வரும் டானினின் துவர்ப்பு தூக்கலாகும்.

இளம் ஒயினை அகன்ற குடுவையில் ஒரு மணி நேரம் காற்றாட விடலாம். பல்லாண்டு பழைய புட்டியை அப்படி விடாதீர்கள், மணம் பறந்துவிடும். வண்டல் கலங்காமல் தெளிய இறுத்தாலே போதும். கொழுப்புள்ள ஆட்டிறைச்சி துவர்ப்பைத் தணிக்கும். கடுங்காரத்தோடு வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.