கேள்வி ஞானத்தில் பியானோ: மரப் பியானோவா, டிஜிட்டலா?

ஆசிரியரும் இல்லை, நோட்டேஷனும் இல்லை, பாட்டைக் கேட்டுக் கேட்டே பியானோ பழக வேண்டும், வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில். அப்படியென்றால் டிஜிட்டல் பியானோவுக்குத்தான் என் ஓட்டு. நானும் அதைத்தான் வாங்கினேன். யாராவது பழைய மரப் பியானோவைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தாலும் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன்.

எடை, இடம், விலையெல்லாம் தெரிந்த கதை. இங்கே சாட்ஸ்வர்த் பகுதியின் ஒட்டுச்சுவர் வீடுகளில் ஹெட்போன் எவ்வளவு பெரிய வரம் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. ஹார்மோனியம் இருக்கிறதே என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஒரு கை துருத்திக்கே போய்விடும், இடது கையில் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, தேடிப் பழக வழியில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது சுருதிதான். நோட்டேஷன் பார்த்து வாசிப்பவர் பியானோ சற்று இறங்கியிருந்தாலும் சமாளித்துவிடுவார். தாளில் எழுதியிருக்கும் கட்டையை விரல் அழுத்துகிறது, அவ்வளவுதான். கேள்வி ஞானக்காரருக்கோ வாத்தியமேதான் வாத்தியார். போனில் ஓடும் பாட்டும் விரலடியில் எழும் ஒலியும் ஒத்துப்போக வேண்டும். இன்றைய பதிவுகள் பெரும்பாலும் நடு ஸ்தாயியின் 'ஏ' என்ற ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் இருப்பவை. கவனிக்காமல் விட்ட பழைய பியானோவில் அது 415 வரைகூட இறங்கியிருக்கலாம். அது சரியாக அரைக் கட்டை என்பதால் பாதகமில்லை, பக்கத்துக் கட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். 427-இல் நின்றால்தான் வில்லங்கம். பாட்டின் ஸட்ஜம் எந்தக் கட்டையிலும் அகப்படாது. குற்றம் கம்பியில் இருக்க, நீங்கள் உங்கள் காதைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

இதில் டர்பன் காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. மரப் பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து பல டன் இழுவிசை. கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது ஒரு மெல்லிய மரப்பலகை. ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் அது ஈரம் குடித்து உப்பும், கம்பிகள் இறுகிச் சுருதி ஏறும். ஜூலையில் காற்று காய்ந்ததும் இறங்கும். எல்லாம் ஒரே அளவாக நகர்ந்தாலாவது பரவாயில்லை. நடு ஸ்தாயி அதிகமாகவும் மற்றவை குறைவாகவும் நகர்வதால், காது முதலில் சரிபார்க்கும் மேல் ஸா, கீழ் ஸா பொருத்தமே கெடுகிறது.

வருடத்துக்கு இரண்டு முறை டியூனிங் என்பது பொதுவான விதி. வெகுவாக இறங்கிப்போன பியானோ ஒரே டியூனிங்கில் நிற்காது, ஏற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். கடற்காற்றில் துருவேறிய கம்பி என்றால் ஏற்றும்போது அறுந்துவிடுமோ என்று இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் சொந்தக்காரர்களின் அனுபவம் இங்கே செல்லாது. அவர்களுக்குக் குளிர்கால வறட்சியில் மரம் சுருங்குவதுதான் கவலை.

டிஜிட்டலில் இந்தத் தொல்லையே கிடையாது. எப்போது போட்டாலும் 440. கூடவே டிரான்ஸ்போஸ் பொத்தான், எல்லாக் கட்டைகளின் சுருதியையும் மொத்தமாக ஏற்றி இறக்குவது. பஜனையில் ஒருவர் ஐந்தரைக் கட்டையில் எடுப்பார், அடுத்தவர் இரண்டில் எடுப்பார். பொத்தானை அழுத்தினால் தெரிந்த விரல்களிலேயே சமாளிக்கலாம். இது ஏமாற்று வேலை என்பவர்களும் உண்டு, பாதி ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் 'சி'யையே ஸாவாக வைத்து, வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்தால் கறுப்புக் கட்டைகள் கடைசிவரை அந்நியம்தான். அதனால் பாடுபவரோடு சேரும்போது மட்டும் பொத்தான், வீட்டில் பாட்டின் சொந்தச் சுருதியிலேயே தேடல்.

வாங்கினால் 88 கட்டை, அழுத்தினால் கனம் தெரிகிற வகை. லோட் ஷெடிங் மின்வெட்டை மறக்க முடியாது. 2022, 2023 மாதிரி மறுபடி வந்தால் மரப் பியானோவுக்கு மெழுகுவத்தி போதும், டிஜிட்டலுக்கு மின்சாரம் வேண்டும். காசியோ சிடிபி-எஸ்100 போன்றவை 6 சின்ன பேட்டரியிலும் ஓடும், பார்த்து வாங்கலாம்.

மரப் பியானோவின் ஒலி தனி என்பதில் சந்தேகமில்லை. பெடலை மிதித்து ஒரு கட்டையைத் தட்டினால் தட்டாத கம்பிகளும் சேர்ந்து முனகும், ஸ்பீக்கரில் அது முழுதாக வருவதில்லை. அந்த ஒலியோடு பழகினால், சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களான கார்டுகளைக் (chord) காது சீக்கிரம் பிரித்தறியுமா? நல்ல நிலையிலுள்ள மரப் பியானோவோடு நான் அதிக நாள் இருந்ததில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன். டிஜிட்டலின் மின்பாகங்கள் பதினைந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதும் அப்படித்தான். விற்கப் போனால் இரண்டிலும் பெரிதாகத் தேறாது. மரப் பியானோவுக்குத் தூக்குக்கூலி கூடுதல்.

இருந்தும் மரப் பியானோதான் வேண்டும் என்றால், பார்க்கப் போகும்போது போனில் ஒரு டியூனர் ஆப் இருக்கட்டும். நடு 'சி'க்கு மேலே உள்ள 'ஏ'யைத் தட்டுங்கள். 440-க்குப் பக்கத்தில் காட்டி, அந்தக் கட்டைக்குரிய மூன்று கம்பிகளும் அலையடிக்காமல் ஒரே ஒலியாக வந்தால், கடைசியாக எப்போது டியூனிங் ஆனது என்று கேளுங்கள். கடந்த ஒரு வருடத்துக்குள் என்றால் விலை பேசலாம்.